இரண்டு பூவுக்கு மூன்று வழி

என் வயதுக்காரர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் எழுதவில்லை. போனில் பேசுகிறேன், அது எழுதுகிறது. மலைப்பேச்சு அதற்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. அதனால் தம்பி மகள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தி, படிக்கிற தமிழாக்கித் தருகிறாள். நடுநடுவே "இதெல்லாம் எதுக்குங்கத்தை?" என்று மூக்கை நுழைக்கிறாள். நான் சொன்னதைப் போடு கண்ணு, உன் கருத்தை நீ தனியாக எழுதிக்கொள்.

போன வாரம் அவள் மகளின் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். கீழேயிருந்து வந்திருந்த சிறப்பாசிரியர், சின்னப் பெண், நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். குழந்தைக்குக் கணக்கில் வயதை மீறிய அறிவாம். எழுத்துக் கூட்டிப் படிப்பது மட்டும் வராதாம். இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கலாம், அது சோம்பலும் அல்ல, புத்திக்குறையும் அல்ல என்றாள். பிறகு வழிகளைச் சொன்னாள். அதே வகுப்பில் வைத்து எழுத்தை மட்டும் தனியாகச் சொல்லித்தரலாம். கணக்குக்கு மேல் வகுப்பில் உட்கார வைக்கலாம். பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்டு வாங்கலாம். கீழே இதற்கென்றே இருக்கிற பள்ளிக்கும் அனுப்பலாம், ஆனால் அவசரமில்லை.

தம்பி மகள் அழுதாள். "இத்தனை வழி இருக்கயில என்னத்துக்குடி அழுவறே? எனக்கு மூணே மூணு சொன்னாங்க, மூணும் ஆகாத வழி" என்றேன். அன்றிலிருந்து என் பள்ளிக்கூட நாளின் அந்த ஆனி மாதம் மனசை விட்டுப் போகவில்லை. உங்களிடம் சொன்னால்தான் இறங்கும்.

எங்கள் ஊர் மலைமேல் குண்டனி நாட்டில், சில ஊர்கள் சேர்ந்தது எங்களுக்கு ஒரு நாடு. பள்ளிக்கூடம் ஒரே நீள ஓட்டுக் கட்டடம், நடுவில் மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு. நான் இந்தப் பக்கம் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தேன். எழுத்து எனக்கு நிற்காது. புத்தகத்தைத் திறந்தால், சந்தை முடிந்து அவிழ்த்துவிட்ட ஆடுகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது என்பார் டீச்சர். நான் பார்த்துப் பார்த்து எழுதியதை அவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். கெட்டவர் இல்லை, பாவம். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார்?

ஆனால் காதில் விழுந்த கணக்கு மட்டும் கலையாது. தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய வாத்தியார் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவார். தலைமையாசிரியரும் அவர்தான். கீழே பேளுக்குறிச்சிப் பக்கத்துக்காரர். வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறி இறங்கிப் போவார், திங்கள் காலையில் வளைவு வளைவாகச் சுற்றிய பஸ்ஸில் குமட்டிக்கொண்டு, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடி வந்து சேர்வார். திங்கட்கிழமை அவர் கண்ணில் படாமல் இருப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த பாடம். எனக்கு அந்த ஒரு பாடமும் ஏறவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் சத்தமாகக் கணக்குச் சொன்னார். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் திறந்துவிட்டால் எவ்வளவு நேரம்? எங்கள் ஊரில் அப்போது குழாயும் கிடையாது, தொட்டியும் கிடையாது. நான் குழாய்களை எடுத்துவிட்டு அம்மாவையும் சித்தியையும் வைத்துக்கொண்டேன். ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள். அம்மா வேகம். சித்தி போகிற வழியெல்லாம் நின்று கதை பேசுவாள். அம்மா ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் சித்தி ஆறில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் பாதி.

"ரெண்டு மணி!" என்று இந்தப் பக்கமிருந்து கத்திவிட்டேன்.

பெரிய வாத்தியார் கையில் எலுமிச்சம்பழத்தோடு சுற்றி வந்தார். "யாரு அது?" எல்லாக் கையும் என்னைக் காட்டின. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீச்சரிடம், "போன வருசமும் இதே கணக்குத்தான் நடத்துனேன். அப்பவும் இவ இங்கதான இருந்தா? கிளிப்பிள்ளையாட்டம் சொல்றா" என்றார். சந்தேகம் தீரட்டும் என்று ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, வேறொரு கணக்கைத் தொட்டுக் காட்டி, "இதைப் போடு பார்க்கலாம்" என்றார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். ஆடுகள் ஏறின. "பாத்தீங்களா?" என்றார் டீச்சரிடம். என் கணக்கைச் சோதிக்க வந்தவர் என் படிப்பைச் சோதித்துவிட்டுப் போனார். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

அந்த வருஷமும் தோற்றேன். லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம் அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்னார்கள். ஆனிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாக்கை ஒரு மூலை உள்ளே மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வோமே, கொங்காடை, அதைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் போனோம். இப்போது யாரிடம் கொங்காடை இருக்கிறது? எல்லாம் பிளாஸ்டிக். நனைந்த சாக்கின் அந்தப் புளிச்ச வாசம் எனக்கு இன்னும் பிடிக்கும். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதை ஆபீஸ் ரூமில் இறக்கியதும் ரூம் முழுக்க மணத்தது. பெரிய வாத்தியார் மூக்கைச் சுளித்தார். அன்றைக்கும் திங்கட்கிழமை.

"பாருங்க, உங்க புள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. மறைச்சுப் பிரயோஜனம் இல்லை" என்று ஆரம்பித்தார். "மூணு வழி இருக்கு. ஒண்ணு, மறுபடியும் அஞ்சாவதுலயே உக்காரட்டும். ரெண்டு, சேலத்துல இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னு ஒரு இல்லம் இருக்கு. சாப்பாடு, துணி எல்லாம் அவங்களே. பாய் பின்ன, கூடை முடையச் சொல்லித்தருவாங்க. மூணு, நிறுத்திட்டு ஆடு மேய்க்க விட்டுருங்க. எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, சேலத்துல உட்டா ஊட்டுக்கு எப்ப அனுப்புவாங்க?"

"வருசத்துக்கு ஒருக்கா."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள், வளையல் பதிந்தது. சேலத்தை நான் பார்த்ததே இல்லை. மலையிலிருந்து ராத்திரியில் கீழே தூரத்தில் மினுங்குகிற வெளிச்சமெல்லாம் சேலம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வெளிச்சத்துக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா யோசித்துவிட்டு, "சாமியக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார்.

"பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்குச் சாமி எதுக்குய்யா?"

"சாமி எதுல இல்லீங்க? நீங்களும் வரோணும். கேள்வி போட்டவரு கூட நிக்காட்டி வாக்கு சுத்தமா வராதுங்க."

பூக்கேட்பது உங்களில் மலைக்காரர்களுக்கும் அடிவாரத்துக்காரர்களுக்கும் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் சுருட்டிக் கட்டி மாரியாயி முன்னால் வைப்போம். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று மனசில் வைத்துக்கொண்டு, விவரம் தெரியாத சின்னக் குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வோம். பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, எல்லாம் அப்படித்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை. பெரிய வாத்தியார் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டுக் குடையோடு வந்து நின்றார், முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். கோவில் என்றால் தகரக் கூரையும் நாலு கல்லும்தான். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் கட்டி வைத்துக்கொண்டு கேட்டார், "எதுக்கு வெள்ளை, எதுக்குச் செவப்பு? சொல்லுங்க."

"வெள்ளைக்கு அஞ்சாவது, செவப்புக்குச் சேலம், ஆடு மேய்க்கறதுக்கு..." என்று அப்பா இழுத்தார். வழி மூன்று, பூ இரண்டு. அந்த நிமிஷம் வரை யாரும் அதை யோசிக்கவில்லை.

"அட, மூணுல ஒண்ண எடுத்துப் போடுங்க" என்றார் பூசாரி.

"சேலத்த எடுத்துருங்க" என்றாள் அம்மா உடனே.

"அதெப்படி? திரும்பத் திரும்ப அஞ்சாவதுன்னா ஊரே சிரிக்கும். அத எடுங்க" என்றார் அப்பா.

"ஆடு மேய்க்கறதை எடுங்க. நான் ஒரு வாத்தியார், நின்னு பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார் பெரிய வாத்தியார்.

"செரி, மூணும் போயிருச்சு. நான் நடைய சாத்திட்டு ஊட்டுக்குப் போவட்டுமா?" என்றார் பூசாரி. அவருக்குக் குசும்பு அதிகம்.

மூன்றாவதாக ஒரு மஞ்சள் பூ வைக்கலாமே என்றார் பெரிய வாத்தியார். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். "மஞ்சப் பூவுக்கு எங்காயி வாக்குக் குடுத்ததே இல்லீங்க." சாரல் தகரத்தில் தடதடத்தது. பேச்சு ஏறியது. அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா, "அழுவாத, அழுதா சேலமே வந்துரும்" என்று அதட்டினார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பற்றிய பேச்சில் என்னை எதற்குப் பார்க்க வேண்டும்?

எனக்கோ அந்தச் சிக்கல் வந்த உடனே அவிழ்ந்துவிட்டது. சொன்னால் அடி விழுமோ என்றுதான் நின்றிருந்தேன். அம்மாவின் அழுகையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"ரெண்டு தரம் கேளுங்க" என்றேன்.

"என்ன சாமி?" என்றார் பூசாரி.

"மொதல்ல, இந்தப் பள்ளிக்கூடமா வேற எடமான்னு கேளுங்க. வெள்ளை வந்தா இது, செவப்பு வந்தா வேற. அப்புறம் மறுக்கா பூவக் கட்டி வெச்சுக் கேளுங்க. வெள்ளையும் வெள்ளையும், வெள்ளையும் செவப்பும், செவப்பும் வெள்ளையும், செவப்பும் செவப்பும். மூணு வழிக்கும் எடம் பத்தும். ஒண்ணு மிச்சமாவும்."

பூசாரி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. பெரிய வாத்தியார் குடையைச் சுவரில் சாத்திவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மூணு தரம் கேட்டா?"

"எட்டுக்கு எடம் இருக்குமுங்க."

"நாலு தரம்?"

"பதினாறு. ஒவ்வொரு தரத்துக்கும் ரெண்டு பங்காவுதுங்க."

"இதை நான் போன வருசம் நடத்தலையே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. முகத்தில் கடுகு வெடிக்கிற சூடெல்லாம் போய்விட்டிருந்தது.

அதற்குள் பூசாரிக்கு வேறு கவலை. "மிச்சமா ஒண்ணு இருக்குதுன்னியே, அதுல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. காலி."

"காலிக் கேள்விய ஆயி முன்னால வெக்கக் கூடாது சாமி. அது வந்துருச்சுன்னா? எதையாச்சும் போட்டு நெரப்போணும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாள். "உனக்கு என்ன வேணும் கண்ணு? நீயே சொல்லு."

அதுவரை என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆனால் பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது, ஒரே மூச்சில் வந்தது. "கணக்குக்குத் தட்டிக்கு அக்கட்ட போறனுங்க. தமிழுக்கு இக்கட்டயே இருக்கறேன். கேள்விய வாயில கேட்டா வாயில சொல்றேன். எழுதறதுக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா உடுங்க."

தம்பி மகளே, நன்றாகக் கேட்டுக்கொள். அந்தச் சின்னப் பெண் போன வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாளே, அதுதான் இது. எனக்கு அதற்குப் பெயர் தெரியாது, எனக்கு வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பூசாரி கற்பூரம் காட்டினார். அவர் வீட்டுக் குட்டிப் பெண், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவள், ஒரு பொட்டலத்தைத் தூக்கினாள். பிரித்தார்கள். வெள்ளை. இந்தப் பள்ளிக்கூடம்தான். சேலமும் போனது, ஆடும் போனது. அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். ஆனால் எனக்கு உயிர் இன்னும் பாதிதான் திரும்பியது. வெள்ளை வந்தால் மறுபடி ஐந்தாவது. சிவப்பு வந்தால் என் வழி. பூசாரி மறுபடி பொட்டலம் கட்டி வைத்தார், குட்டிப் பெண் மறுபடி எடுத்தாள், அவர் கட்டை அவிழ்க்கப் போனார்.

"பிரிக்காதீங்க" என்றார் பெரிய வாத்தியார்.

"என்னங்க வாத்தியாரே, அபசாரம்!"

"இங்க படிக்கறதா, வேண்டாமான்னு ஆயி சொல்லியாச்சு. எப்படிப் படிக்கறதுன்னு சொல்ல வேண்டியவன் நான். அதையும் ஆயி தலையில போட்டா எனக்கு இங்க என்ன வேலை? இந்தப் புள்ளை திங்கக்கிழமையில இருந்து கணக்குக்கு ஏழாவதுல உக்காரும். கேள்வியை நான் படிச்சுச் சொல்றேன்."

அப்பா கையைப் பிசைந்தார். பிரிக்காமல் போனால் குத்தமாகிவிடுமே என்றார். பூசாரிதான் சமாளித்தார். பொட்டலத்தை அப்படியே மாரியாயி பாதத்தில் வைத்துவிட்டு, "ஆயிக்கு உள்ள என்ன இருக்குதுன்னு தெரியும், உடுங்க" என்றார். அதில் வெள்ளை இருந்ததா, சிவப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஊர் விடுமா? சனிக்கிழமை விடிவதற்குள் எனக்குச் சாமி வந்து வாக்குச் சொன்னதாக நாடு முழுக்கப் பரவிவிட்டது. பலாச்சுளை தின்றுகொண்டிருந்த என் முன்னால் வந்து ஒருத்தி உட்கார்ந்தாள், தொலைந்த ஆடு எந்தத் திக்கில் போனது என்று கேட்டாள். இன்னொருத்தி மகளுக்கு மாப்பிள்ளை எப்போது வருவான் என்றாள். என்னைப் பார்த்தாலே உச்சுக்கொட்டிய அதே ஆட்கள்தான். அப்பாவுக்கு ஒரே பெருமை, எனக்கு நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. போன வாரம் வரைக்கும் புத்தி மட்டு, இந்த வாரம் சாமி. நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று யாருக்கும் படவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வெளியே வந்தாள். வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமியும் வரலீங்க, பூதமும் வரலீங்க. எம் புள்ளை யோசன பண்ணிச் சொன்னா. அவளுக்கு அந்த மாதிரி மூளை. ஆட்டக் காணலீன்னா ஓடையோரமாத் தேடுங்க, போய்ட்டு வாங்க" என்றாள். அப்பாவின் முகம் சுருங்கியது. எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கையெல்லாம் பலாப்பால் பிசுக்கு, அதனால் கட்டிக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் பிசுக்கோடு கட்டிக்கொண்டிருக்கலாம்.

எழுத்து எனக்கு அதற்குப் பிறகும் லேசில் வரவில்லை. வந்ததும் நொண்டிக்கொண்டுதான் வந்தது. கணக்கு என்னைக் கைவிடவில்லை. இந்த மலையில் கட்டியிருக்கிற வீடுகளில் எத்தனையோ வீட்டுக்குச் செங்கல் எத்தனை, மணல் எத்தனை லோடு என்று சொன்னது நான்தான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். என்னைவிடப் பெரிய பெண்கள் தள்ளி இடம் விட்டார்கள். பெரிய வாத்தியார் புத்தகத்தை எடுத்து, என்னைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகப் படித்தார். "ஆறு பேர் ஒரு சுவரைப் பத்து நாளில் கட்டுவார்கள். நாலு நாள் ஆனதும்..."

"மிச்சம் ஆறு நாளுங்க!" என்றேன். எனக்கு என்னைக் காட்டிக்கொள்ள அவ்வளவு அவசரம்.

"...நாலு நாள் ஆனதும் ரெண்டு பேர் காய்ச்சலில் நின்றுவிட்டார்கள். மிச்சச் சுவரைக் கட்ட இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று படித்து முடித்தார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, இரக்கப்படவும் இல்லை. மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தார்.

"தப்பு. முழுசாக் கேளு. உக்காந்து மறுபடி போடு."

உட்கார்ந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? அதுவரை என் கணக்கை யாரும் தப்பு என்று சொன்னதே இல்லை. நான் கணக்குப் போடுகிறேன் என்றே ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கிருந்து தப்பு சொல்வார்கள்? கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த நாலு பேரைச் சுவரில் ஏற்றினேன்.

"ஒம்பது நாளுங்க" என்றேன்.

"சரி" என்றார் பெரிய வாத்தியார், அடுத்த கணக்கைப் படிக்க ஆரம்பித்தார்.